போடாத கடைசிச் சுருள்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிறு பின்னேரம். சிட்னியிலிருந்து பிளாக்டவுன் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி தன் கணவரிடம் திடீரென்று சொன்னார்: "நாப்பது வருசமா அவள் செத்துப்போனாள் எண்டெல்லோ நினைச்சுக் கொண்டிருந்தனான்."

யார் செத்தது என்று தெரியாமல் என்னால் பத்திரிகையில் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நல்லவேளையாக அது சினிமாக் கதை. தொலைந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்துப் புதுப்பித்த ஒரு பழைய ஊமைப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"யாழ்ப்பாணத்தில அவள் ஆத்தில விழுந்ததோட படம் முடிஞ்சுது. இங்க ஒருத்தன் நீந்திப் போய்த் தூக்கிறான்!"

"அங்க ஆறரை பஸ்ஸை விட்டால் சனம் வீட்டை நடக்கவேணும். அதால படம் ஓட்டிறவர் கடைசிச் சுருளைப் போடுறேல்லை."

"பஸ் ஸ்ராண்டில நான் எப்பிடி அழுதனான்!"

"ஓம். நான்தானே லேஞ்சி தந்தனான், கண்ணைத் துடைக்க."

"முன்பின் தெரியாத ஆள். தோய்ச்சுத் திருப்பித் தரவெண்டுதானே பிறகு உங்களைத் தேடி வந்தனான்."

கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நான் அதுக்கு முதலே கொழும்பில முழுப்படமும் பார்த்தனான்."

"அப்ப அவள் தப்பினது தெரியுமோ? ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அழுகையை நிப்பாட்டி, லேஞ்சியை அங்கயே தந்திட்டுப் போயிருப்பீர்."

ரயில் ஹோம்புஷ் நிலையத்தைத் தாண்டியது. அந்தப் பெண்மணி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் படம் ஓட்டின மனுசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கவேணும்."