காய்ந்த குதிகால்

பிற்பகல் 3.40. தண்ணீர் நிற்கிறது.

வீட்டுக்குப் பின்னால் குழாயடி. மகள் சுமையா வலது காலைக் கழுவிவிட்டாள். இடது காலில் பாதி. அஸர் தொழுகைக்கான வுழூ, தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது. குழாய் இருமுகிறது. காற்று வருகிறது. தேயிலைச் சரிவில் இருக்கும் தொட்டி காலியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

உண்மையில் அவள் வுழூவை ஏற்கெனவே முடித்திருந்தாள். உள்ளே போகத் திரும்பியவளை நான்தான் நிறுத்தினேன்.

"குதிகால் நனையல்ல மகள். திரும்பக் கழுவுங்க."

"நனைஞ்சிட்டு வாப்பா. தண்ணி ஐஸ் மாதிரி இரிக்கி."

"காஞ்சி கிடக்கு. கழுவுங்க."

ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம். அதற்காகப் பிள்ளையை அங்கே நிற்க வைத்தேன்.

3.42. தகரத்தில் முதல் கல். டங். பிறகு எண்ண முடியவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலின் கண்ணாடிகள் உடைகின்றன. பாங்கு சொன்ன முஅத்தின் உள்ளேயிருந்து கத்துகிறார்: "ஓடுங்க சேர், புள்ளயக் கொண்டு ஓடுங்க!"

திரி எரியும் ஒரு போத்தல் மதிலைத் தாண்டி வந்தது. பெற்றோல். குழாயடிச் சீமெந்தில் உடைந்தது. சுமையாவின் வலது கை எரிந்தது. துவாயால் பொத்தி அணைத்தேன். குழாயைத் திருகினேன். ஸ்ஸ். காற்று மட்டும். மறுபடி திருகினேன். அது திறந்துதான் இருந்தது.

வெறுங்காலோடு சரிவில் ஏறினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் வால்வு. அதன் பக்கத்தில் குழாய் மேஸ்திரி, நாங்கள் பைப் பாஸ் என்று கூப்பிடுகிறவன், நிற்கிறான். பள்ளிவாசலுக்கும் எங்கள் வீட்டுக்கும் குழாய் போட்டவன். வேலை நடந்த ஒரு வாரமும் எங்கள் அடுப்படியில் தேநீர் குடித்தவன். எந்தெந்த நேரம் கழுவுவீர்கள் என்று சிங்களத்தில் கேட்டவன். நான் ஆசிரியன். ஐந்து வேளையையும் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

என் மகளின் கையை அவன் பார்த்தான். வால்வை மூடிக் கழற்றிய பிடியைக் காற்சட்டைப் பையில் போட்டான். இறங்கிப் போனான். ஓடவில்லை. நடந்தான்.

3.54. மேட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்தின் முதல் வீடு. கொழுந்து பறிக்கும் பாக்கியம் கதவைத் திறந்தார்.

"பீலிக்குக் கொண்டுபோங்க சார். நான் வாசல்ல நிக்கிறேன். எவன் வாரான்னு பாத்துக்கிறேன்."

கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வைத்திருந்தார். பீலியில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுமையாவின் கையை அதில் பிடித்தோம். பிந்திவிட்டது. உடனே தண்ணீர் பட்டிருந்தால் விரல்கள் தப்பியிருக்கலாம் என்று நுவரெலியாவில் டாக்டர் சொன்னார்.

இப்போது பைப் பாஸ் பிணையில் வந்திருக்கிறான். ஆள் அனுப்பினான். குழாய்களைச் சும்மா போட்டுத் தருகிறானாம். எங்கள் ஆட்களிலேயே சிலர் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள். வுழூ செய்தால் கோபம் அடங்கும் என்கிறார்கள். ஐந்து வேளையும் செய்கிறேன். முகத்தில் தண்ணீர் படும்போதெல்லாம் அவன் நடந்து இறங்கியது தெரிகிறது. அடங்கவில்லை. அடங்க வேண்டாம். தொழுதுவிட்டு, கழுவிய அதே கைகளை ஏந்தி அவனுக்குக் கேடு கேட்கிறேன். அவனுக்குத் தேவைப்படும் நிமிடத்தில் அவன் வீட்டுக் குழாய் வற்றட்டும். எத்தனை தவணை போட்டாலும் நீதிமன்றத்துக்குப் போவேன். அவன் முகத்தைப் பார்த்து அவன் பெயரைச் சொல்வேன்.

நேற்று சுமையாவின் கட்டை அவிழ்த்தார்கள். வுழூவில் விரல்களைக் கோத்துக் கழுவுவோம். கோத்துப் பார்த்தாள். இடது கையின் இரண்டு விரல்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கால்களைக் கழுவினாள். குதிகாலை என் பக்கம் திருப்பினாள்.

"பாத்துச் சொல்லுங்க வாப்பா. நனைஞ்சிட்டா?"

நனைந்துவிட்டது என்றேன். பார்க்கவில்லை.

இழந்தவை இவை. பள்ளிவாசலின் எட்டுக் குழாய்கள். கூரை. என் வீட்டில் இரண்டு அறைகள். முஅத்தின், வயது அறுபத்தொன்று. வற்றிய குழாயின் கீழே, வெறும் வாளியோடு கிடந்தார். சுமையாவின் வலது கையில் மோதிர விரல், சுண்டு விரல்.

பைப் பாஸின் கைகளில் பத்தும் இருக்கின்றன. நீதிமன்றத்தில் எண்ணினேன்.