பதினாலாம் குழி மணல்

ஹலோ... ஆர்லோவா? நான் அண்ணிதான், டெலோரஸ்... ஆமா, ஆமா, டியூட்டியிலதான் நிக்கிறேன். பதினாலாம் குழி பக்கம், 'சத்தம் போடாதீங்க'ன்னு எழுதின பலகையைத் தூக்கிக்கிட்டு... தெரியும்ப்பா, போன் பேசக்கூடாதுன்னு எனக்கும்தான் வகுப்பு எடுத்தாங்க. போட்டி முடியறவரை சம்பளமில்லாத வேலை, சட்டைகூட என் காசு. ரெண்டு நிமிஷம் பேசினா கோல்ஃப் ஒண்ணும் செத்துடாது.

நேரா பதில் சொல்லு. இந்த மணல்பள்ளத்துல இருந்த பழைய மண்ணு எங்க?

...என்னது, 'எந்த மண்ணு'வா?... ஆமா, ஆமா, புதுசு வெள்ளையாத்தான் இருக்கு. சோப்புத்தூள் கொட்டி வச்சாப்புல கண்ணு கூசுது. டிவில பளிச்சுன்னு தெரியணுமாம்ல?... சரி, போட்டி நடத்துறவங்க கேட்டாங்க. மைதானக் கமிட்டித் தலைவர் யாரு, நீதானே? மண்டைய ஆட்டினது யாரு?

...இரு, இரு. மெதுவாப் பேசறேன், ஒருத்தன் அடிக்கப் போறான்... வயசானவங்க போட்டிதானே, அறுபது வயசு இருக்கும், முட்டியில பட்டை, குனியவே பாடா இருக்கு... ச்சே, உள்ள விழல. ம், சொல்லு.

...மறந்துட்டியா? உங்கண்ணன் ஹார்லனோட சாம்பலை இங்க தூவினதை மறந்துட்டியா? கிளப்புல விடமாட்டாங்கன்னு ஆள் வர்றதுக்கு முன்னாடி வந்து, நீ காவல் நின்னு, நான் தூவி, அப்புறம் நீயே மணலை வாரிவிடுற பல்லுக்கட்டையை எடுத்து மண்ணோட கலந்துவிட்டியேப்பா! "உயிரோட இருக்கையில அந்தப் பள்ளத்துல இருந்து ஒரே அடியில வெளிய வந்ததில்ல, செத்தும் அங்கேயே கிடக்கேன்"னு ஆஸ்பத்திரியில ஹார்லன் சிரிச்சுக்கிட்டே கேட்டாரே. அது ஒண்ணுதான் கேட்டாரு.

...சத்தமாச் சொல்லு. எங்க கொட்டினீங்க?... ம்... ம்... ஆமா. எனக்குத் தெரியும். மண்ணைச் சமப்படுத்துற ஆளு காலையிலயே சொல்லிட்டான். உன் வாயில இருந்து வரட்டும்னுதான் கேட்டேன்.

...மழை பேஞ்சு அங்க சேறாயிடுச்சுன்னு கொட்டினீங்களா? விஸ்கான்சின்ல வேற மண்ணே இல்லியா? கூட்டத்துக்குன்னு வச்ச கக்கூஸ் பெட்டி வரிசைக்கு அடியிலயா கொண்டுபோய்க் கொட்டுவீங்க? த்தூ! மில்வாக்கியில இருந்து வந்த கூட்டம் அத்தனையும் பீரைக் குடிச்சுட்டு, சாசேஜைத் தின்னுட்டு அங்க வந்து நிக்குது ஆர்லோ. போய்ப் பாத்துட்டுத்தான் பேசறேன். பாதி பேருக்கு உள்ள போற பொறுமைகூட இல்ல, பின்னால ஓரமா நின்னு...

...ஞாயித்துக்கிழமை கோப்பை குடுத்து முடியட்டுமா? ஏன், நீலக் கோட்டு போட்டு டிவில பல்லைக் காட்டணுமா?... பதவி போயிடும். போகட்டுமே! அருவருப்பா இருக்குப்பா, உன்கிட்ட பேசவே அருவருப்பா இருக்கு.

...ஷ்ஷ், இரு. அடுத்த ஆளு... ஐயோ, பந்து பள்ளத்துல விழுந்துருச்சு. உங்கண்ணன் திண்டாடின அதே மூலை... தூக்கிட்டான்! ஒரே அடி. எல்லாரும் கைதட்டுறாங்க. எனக்குக் கை வரல.

...என்ன சொன்ன?... திருப்பிச் சொல்லு.

...வெறும் மண்ணா?

வெறும் மண்ணுன்னா, அன்னைக்கு அதுல மண்டிபோட்டு 'அண்ணா, அண்ணா'ன்னு கதறினது யாருடா? முழங்கால்ல ஒட்டினதைத் தட்டிவிடப் போனேன், வேண்டாம் அண்ணின்னு என் கையைப் புடிச்சது யாரு? அந்தப் பேண்ட்டைத் தோய்க்கவே இல்லைன்னு உன் பெண்டாட்டி என்கிட்ட சொன்னாளே, அதுவும் வெறும் மண்ணுக்கா?

...ஆர்லோ, என்னப்பா மூக்கை உறிஞ்சுற?

...அழறியா?

அழு. அழுது முடிச்சுட்டு மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்துக்கிட்டு வா... இல்ல, ஞாயித்துக்கிழமை இல்ல, இப்போ. நான் இந்த வேலையை இன்னொருத்திகிட்ட விட்டுட்டு அங்க போறேன். கக்கூஸுக்குப் போற வழிய மறிச்சு நாற்காலி போட்டு உக்காரப் போறேன். நீ வர்றவரை ஒருத்தன் தாண்ட முடியாது... ஆமா, அத்தனை பேரும்தான். உங்க ஸ்பான்சர் வந்தாலும்தான்.

...ஏன்னு கேட்டாலா? இங்க கீழ என் புருஷன் கிடக்காரு, அவரு தம்பி வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு நில்லுங்கன்னு சொல்லுவேன். வை போனை.