சலவைத் தொட்டி ஆரத்தி

எண்பதாம் வருஷமோ, எண்பத்தொன்றோ இருக்கும். கொச்சியில், மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால், வெளுத்த துணி மூட்டைகளோடு இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"நேத்து எங்க தொட்டியெல்லாம் ரத்தம்," என்றாள் மூத்தவள், வாயெல்லாம் பல்லாக.

"ஐயோ, யாருக்கு அக்கா?"

"யாருக்கும் இல்ல. மருமகனுக்கு அப்படித் தோணிச்சு. தோப்பும்படியில போட்டு எஞ்சின் பாக்குறவன். லீவு நாள்ல துவைக்க வந்தான்."

"ஒங்க பொண்ணு ஓடிப்போய்க் கட்டிக்கிச்சே, அவரா? நீங்க அவரோட பேசவே மாட்டீங்களே."

"மக மூலமாத்தான் சொன்னேன். சலவைச் சோடாவக் கட்டையால கலக்கணும், கைய விட்டா தோல் உரியும்னு. அதெல்லாம் சரியாச் செஞ்சான். கல்யாண வீட்டு வேட்டி, ஒரே மஞ்சக்கறை. மொதல்ல பச்சத்தண்ணியில அலசணும்ல? அப்படியே தொட்டியில தள்ளிட்டான். 'அம்மே, ரத்தம்!'னு ஓடி வரான்."

"மஞ்சள்ல சோடா பட்டா செவக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும் பாவம். வேட்டி?"

"நல்லா அலசி வெயில்ல போட்டேன். சாயங்காலம் பால் மாதிரி வெளுத்துடுச்சு."

படகு வந்து இடித்து நின்றது. இருவரும் மூட்டையைத் தலைக்கு ஏற்றினார்கள்.

"அந்தச் செவப்புத் தண்ணியக் கொட்டிட்டீங்களா?"

"கொட்டத்தான் போனேன். ஆரத்திக்கும் மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டு இப்படித்தானே செவக்க வெப்போம்? அவங்க கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு நான் எடுக்கல. ஒரு தட்டுல மொண்டு, ரெண்டு பேரையும் வாசல்ல நிறுத்திச் சுத்திட்டேன்."

"அதத் தொட்டுப் பொட்டும் வெச்சீங்களா?"

"சோடாத் தண்ணியாச்சே, நெத்தி எரியும்டி! டப்பாக் குங்குமம்தான் வெச்சேன். மருமகனுக்கு மொதல்ல."