வலை எடுக்கப் போனோம்

காலை ஐந்து நாற்பது. மேற்கே முதலில் வெளிச்சம் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. கனமான ஒரே அடி. காலடியில் படகு அதிர்கிறது.

இலங்கையின் மேற்குக் கரையில், கண்டக்குழிக்கு வெளியே, கடலில் இருக்கிறோம். மூன்று பேர். படகுக்காரர் நசீர், அவருடைய தம்பி பைசர், நான். மீன்பிடி பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். எரிவது வெளிநாட்டுப் போர்க்கப்பல்.

அந்தப் போர் எங்களுடையதல்ல. எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டிருந்தன. எந்தப் பக்கமும் சேரமாட்டோம் என்று எங்கள் அரசு அறிவித்திருந்தது. கரையில் யாரும் அதை மறுக்கவில்லை. நசீரின் குடும்பம் உள்நாட்டுப் போரில் மன்னாரிலிருந்து ஒரே பையோடு துரத்தப்பட்டு வந்தது. ஒரு போர் போதும் என்பார் அவர்.

கப்பலுக்கும் எங்களுக்கும் நடுவே, இரவு விரித்த வலை. மிதவைகளில் கறுப்புக் கொடிகள். காற்றே இல்லை. கொடிகள் ஆடுகின்றன.

நசீர்தான் முதலில் புரிந்துகொண்டார். கப்பலிலிருந்து குதித்தவர்கள் கொடிகளைப் படகுகள் என்று நினைத்து நீந்தி வந்திருக்கிறார்கள். வலையில் சிக்கிக் கிடக்கிறார்கள்.

எஞ்சின் சீறுகிறது. பின்னால் எங்கள் கடற்படையின் ரோந்துப் படகு. ஒலிபெருக்கி.

"கிட்ட போகாதே! திரும்பு! அது நம்ம சண்டை இல்ல!"

நசீர் எழுந்து நின்று கத்துகிறார். "சண்டைக்குப் போகல்ல சேர்! வலை எடுக்கப் போறம்!"

பைசர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "காக்கா, இண்டைக்குப் பெரிய மீன்பாடுதான்."

முதல் மனிதன். முகமெல்லாம் எண்ணெய். கண்கள் மட்டும் வெள்ளை. காலில் வலை சுற்றியிருக்கிறது. பைசர் கத்தியை எடுத்தான். தயங்கினான். புது வலை.

"வலையப் பாக்காதே! வெட்டுடா!" என்றார் நசீர்.

வெட்டினான். தூக்கினோம். அடுத்தவன். அதற்கடுத்தவன். சிலரைத் தூக்கும்போதே தெரிந்தது, உயிர் இல்லை. அவர்களை விட்டுவிட்டோம். இடம் இல்லை. உயிரோடு ஆறு பேர் ஏறியதும் படகு தாழ்ந்தது. கடைசிக் கொடியில் இன்னும் ஒரு கை அசைகிறது. அதை நெருங்கும்போது எஞ்சின் நின்றது. அடியில் சுழலும் விசிறியில் எங்கள் வலையே சிக்கியிருந்தது.

பைசர் கத்தியோடு அந்தக் கையை நோக்கிக் குதித்தான்.

இரண்டாவது வெடிப்பு. இது கூர்மையானது. காது அடைத்துவிட்டது. கப்பலிலிருந்து எண்ணெய் வழிகிறது. நெருப்பு தண்ணீர்மேல் நடந்து வருகிறது.

"பைசர்! ஏறுடா! ஏறு!"

அவன் அந்த மனிதனை வலையிலிருந்து அறுத்தெடுத்துப் படகை நோக்கித் தள்ளினான். நான் கையைப் பிடித்தேன். இழுத்தேன். திரும்பிப் பார்த்தபோது பைசர் அதே இடத்தில் இருந்தான். குனிந்து தன் காலில் சுற்றிய வலையை அறுத்துக்கொண்டிருந்தான். பிறகு புகை.

ரோந்துப் படகு நெருப்பின் ஓரம்வரை வந்தது. கயிறு எறிந்தார்கள். கட்டி இழுத்தார்கள். நசீர் கரை வரும்வரை பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று கரையில் கேட்டவர்களிடம், கடலில் சொன்னதையே சொன்னார். வலை எடுக்கப் போனோம்.

உயிரோடு கரை வந்த வெளிநாட்டவர் ஏழு பேர். வலையில் இறந்து கிடந்தவர்கள் நான்கு பேர். எங்கள் பக்கம் போனவை, ஒரு வலை, ஓர் எஞ்சின். போனவன், பைசர். வயது இருபத்தாறு. மத்தியானம் கடலிலிருந்து அவன் மையித்து கிடைத்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம்.

மாலைச் செய்தியில் இரண்டும் தனித்தனிச் செய்திகளாக வந்தன. கப்பல் சம்பவத்தில் இலங்கையர் எவரும் பாதிக்கப்படவில்லை. கண்டக்குழியில் வலை எடுக்கச் சென்ற மீனவர் ஒருவர் விபத்தில் இறந்தார்.