சுவாமி அறையில் நடந்த பரீட்சை

ஊர்காவற்றுறை பொலிஸ் நிலையத்தில், தர்சனா சஞ்சீவன் என்பவர் செய்த முறைப்பாடு சம்பந்தமாக அவருடைய கணவர் சொல்ல, பொலிஸ் சார்ஜன்ட் அம்புறோஸ் தமிழில் எழுதிக்கொண்டது.

பெயர்: சிவகுரு சஞ்சீவன். வயது: 39. விலாசம்: அனலைதீவு, 5ஆம் வட்டாரம். தொழில்: அபிவிருத்தி உத்தியோகத்தர். கல்வித் தகைமை: வணிகமாணிப் பட்டம், உள்வாரி. பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்ப் படித்ததைக் குறிக்கும் உள்வாரி என்ற சொல்லை நான் கேட்டுக்கொண்டதால் சார்ஜன்ட் சேர்த்துக்கொண்டார்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி தர்சனாவுடனும் மாமியார் சீதேவியுடனும் வசித்து வருகிறேன். அது மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. மனைவி உயர்தரம் வரை படித்தவர், முன்பள்ளி ஆசிரியை. எங்கள் இருவரிலும் பட்டதாரி நான்தான். கலியாணம் பேசி வந்தபோதும் மாப்பிள்ளை கம்பஸ் படித்தவர் என்பதைத்தான் முதலில் சொன்னார்கள், வீட்டையும் அதற்காகத்தான் தந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னர் மனைவி, கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் இணையவழியாக நடத்தும் வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்பில் சேரப்போவதாக என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஃபோனிலை படிச்சுப் பட்டமோ? உலையிலை அரிசியைப் போட்டிட்டுப் படிக்கலாம் போல கிடக்கு" என்று சொன்னேன். அதற்கு அவர், "ஓம், போட்டிட்டுத்தான் படிக்கப்போறன்" என்று சொன்னார். அதன் பின்னர் அவர் சேர்ந்துவிட்டார்.

பல்கலைக்கழகம் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. விடியப்புறம் வள்ளம் ஏறி, பஸ் மாறிப் போய், இருவர் படுக்கும் அறையில் ஐந்து பேர் படுத்து, பகிடிவதை வாங்கி, வேலைநிறுத்தத்தில் மாதக்கணக்காக வீட்டில் இருந்து, நான்கு வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தவன் நான். இவ்வளவும் பட்டபின் கிடைப்பதுதான் பட்டம் என்று நான் நினைத்திருந்தேன். இவருக்கு வேலைநிறுத்தமே வரவில்லை. ஒரு நாள் கூடக் கடலில் நனையவில்லை. அப்படிக் கிடைப்பது எப்படி என்னுடையதற்குச் சமமாகும் என்று அலுவலகத்திலும் வள்ளத்திலும் நான் கேட்காத ஆள் இல்லை.

அதன் பின்னர் இது ஏமாற்றுப் படிப்பு என்பதை உறுதிசெய்து மனைவியின் முன் வைப்பதற்காக, ஒருநாள் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனேன். என்னுடன் படித்த லவன் அங்கே ஒரு கல்வி ஆலோசனை நிலையத்தில் வேலை செய்கிறான். அவன் அந்தப் படிப்புக்கு அரச அங்கீகாரம் இருக்கிறதா, யார் படிப்பிக்கிறார்கள், பரீட்சை எப்படி வைக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். கட்டடம் எவ்வளவு பெரிது என்று நான் கேட்டேன். அதை யாரும் பார்ப்பதில்லை என்றான். கடைசியில், "திறமான கோஸ் மச்சான். எங்களுக்குப் படிப்பிச்சதை விட இறுக்கமாப் படிப்பிக்கிறாங்கள். மனிசியை விட்டிடாமல் படிக்கச் சொல்லு" என்று சொன்னான். நான் கொண்டுபோன பயற்றம்பணியாரத்தையும் அவனே சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னவாம் என்று கேட்டார். "விசாரிச்சனான். அவ்வளவு சரியில்லையாம்" என்று சொன்னேன். அவர் எனக்குச் சாப்பாடு போட்டார். அதன் பின்னர் அவர் குசினியில் நிற்கும் நேரங்களில் அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்ப்பேன். அவர் எழுதி அனுப்பிய ஒப்படைகள் ஒவ்வொன்றும் திருத்தப்பட்டு, எங்கே பிழை, எங்கே நல்லது என்று விரிவுரையாளர் எழுதித் திரும்பி வந்திருக்கும். ஒன்றில் "மிக நன்று தர்சனா, இந்த வாதம் எனக்கே தோன்றவில்லை" என்று இருந்தது. நான் ஆறு வருடம் படித்தும் என் பெயர் சொல்லி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. அதை வாசித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே எரிந்தது.

போன மாதம் கடைசிப் பாடமாகிய வணிகச் சட்டத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். அதில் சித்தியடைந்தால் பட்டம். ஊர்காவற்றுறையில் ஒரு சங்கத்தின் முகாமையாளர் பதவிக்கு மனைவியை நேர்முகத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அதே பதவிக்கு முன்னொரு தடவை நானும் விண்ணப்பித்து எடுபடவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் சாப்பிடும்போது மனைவி எனக்கும் மாமியாருக்கும் விதிகளை விளங்கப்படுத்தினார். கொழும்பிலிருந்து மேற்பார்வையாளர் கமராவில் பார்த்துக்கொண்டிருப்பார், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, யாராவது உள்ளே வந்தால் பரீட்சையை நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னார். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது சுவாமி அறையில் மட்டுமே. அதன் யன்னல் ஊர்காவற்றுறைப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே அங்கேதான் மேசையும் கதிரையும் போட்டார்.

சம்பவ தினம் வெள்ளிக்கிழமை. பரீட்சை பின்னேரம் தொடங்கியது. மாமியார் கோயிலுக்குப் போய்விட்டார். நான் விறாந்தையில் இருந்தேன். உள்ளே ஓர் ஆணின் குரல் கேட்டது. மேசைக்குக் கீழே காட்டச் சொன்னார். காதை மறைக்கும் தலைமயிரை ஒதுக்கச் சொன்னார். சுவாமிப் படங்களுக்குப் பின்னால் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிக் காட்டச் சொன்னார். மனைவி எல்லாவற்றுக்கும் "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்லிச் சரஸ்வதியையும் திருப்பிக் காட்டினார். நான் ஒரு தேத்தண்ணி கேட்டால் பொறுங்கோ என்று சொல்லுகிற வாய் அது.

அதன் பின்னர் பேச்சு நின்று, விசைகளைத் தட்டும் சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. பொழுதுபட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் என்பதால் நான் கிணற்றடியில் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, குசினியிலிருந்து எண்ணெய்ப் போத்தலையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு விளக்கேற்றுவதற்காகச் சுவாமி அறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். திரையில் ஒரு கேள்வி இருந்தது. கடைக்காரன் கண்ணாடி அலுமாரியில் விலை போட்டுப் பொருளை வைத்தால், அதை அந்த விலைக்கு விற்க அவன் சட்டப்படி முன்வந்ததாகுமா என்பது கேள்வி. நான் அதற்கு விடையைச் சொன்னேன். மேற்பார்வையாளர் "ஆர் அது? ஆர் உள்ளுக்கை நிக்கிறது?" என்று கேட்டார். உடனே திரை மூடப்பட்டது. மனைவி படங்களை ஒவ்வொன்றாக நேராகத் திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

சில நாட்களின் பின்னர் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளியாள் ஒருவர் விடை சொல்லி உதவியதாகப் பதிவு இருப்பதால் மனைவியைப் படிப்பிலிருந்து நீக்கப் போவதாகவும், வந்தவர் அவருடைய விருப்பத்துக்கு மாறாக, குழப்பும் நோக்கத்தோடு வந்ததாகப் பொலிஸில் பதிந்த வாக்குமூலம் இருந்தால் மட்டும் மீண்டும் பரீட்சை எழுத விடுவதாகவும் அதில் இருந்தது. மனைவி முறைப்பாடு செய்தார். அவருடைய தம்பி அனோஜன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தான், விளக்கு வைக்கப் போனனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதிலை ஆர் பிழை பிடிக்கப்போகினம்?" என்று சொன்னார். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இன்று காலை நானும் மனைவியும் ஒரே வள்ளத்தில் வந்தோம். நடுக்கடலில் அவர், "என்ன சொல்லவேணும் எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுறதின்ர கொப்பியை நான்தான் வாசிச்சு அனுப்பவேணும். அதை மட்டும் நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னார்.

இவ்வளவையும் எழுதிய பின்னர் சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். விளக்கேற்றப் போனேன், விடை சொன்னேன் என்ற இந்தச் சொல்லோடு போனால் நீர் நல்ல மனிதர், உம்முடைய மனைவிதான் கள்ளி என்று ஆகும் என்று சொன்னார். மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பது யன்னலால் தெரிந்தது. நான் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, திருத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அதனால் உம்மீது வழக்கு வரக்கூடும் என்று சார்ஜன்ட் எச்சரித்தார். விளங்கியது என்று சொன்னேன். அதன் பின்னர் அவர் கேட்டவையும் நான் சொன்னவையும் வருமாறு.

கேள்வி: நீர் உள்ளே போனபோது விளக்கு நூர்ந்திருந்ததா?

பதில்: இல்லை. எரிந்துகொண்டிருந்தது. மனைவி பரீட்சைக்கு இருக்க முன்னரே ஏற்றிவிட்டார். அந்த வீட்டில் நான் ஒருநாளும் விளக்கேற்றியதில்லை. எண்ணெய்ப் போத்தல் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தேடி எடுத்தேன்.

கேள்வி: உள்ளே போனால் பரீட்சை நிற்கும் என்பது தெரியுமா?

பதில்: தெரியும். தெரிந்துதான் குளித்தேன், தெரிந்துதான் திருநீறு பூசினேன்.

கேள்வி: அந்த ஆண் குரலில் சந்தேகப்பட்டா போனீர்?

பதில்: அப்படிச் சொன்னாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். எனக்கு எரிச்சல் அந்தத் தட்டும் சத்தத்தில். நான் சட்டப் பரீட்சையில் பேனையைக் கடித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தவன். இவர் நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பு நல்ல படிப்பு என்பது லவன் சொன்ன நாளிலிருந்தே எனக்குத் தெரியும். உதவாத படிப்பு என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இவர் பட்டதாரியானால் அந்த வீட்டில் நான் யார் என்று யோசித்தேன். இப்போதும் பொறாமை போய்விட்டது என்று சொல்ல என்னால் ஏலாது.

கேள்வி: விடை சொல்லி உதவினீரா?

பதில்: உதவவில்லை. நான் பார்த்தபோது இரண்டாவது விடைக்கு, அதாவது ஆகாது என்பதற்கு, மனைவி ஏற்கெனவே அடையாளம் இட்டு, கீழே காரணத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கேட்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான்தான் எட்டிப் பார்த்து, "பிழை. ஆகும். முதலாவதைப் போடும்" என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்று அந்தச் சேருக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன். மனைவி விடையை மாற்றவில்லை. பதிவைப் பார்த்தால் அது தெரியும்.

கேள்வி: வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அன்றிரவே லவனுக்கு ஃபோன் எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். கடைக்காரன் விலை போட்டு வைப்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே, விற்கச் சம்மதித்ததாகாது என்று சொன்னான். அது நாங்கள் முதல் வருடத்திலேயே படித்த பாடம் என்றும் சொன்னான். ஆகவே உள்வாரிப் பட்டதாரியாகிய நான் சொன்ன விடை பிழை என்றும், என் மனைவி தர்சனா தானே படித்துத் தானே எழுதிய விடை சரி என்றும், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிரதியில் தெளிவான எழுத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தங்களுடன் எனக்கு இரண்டாம் தடவை வாசித்துக் காட்டப்பட்டது. இம்முறை மாற்ற ஒன்றும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன மெய் இது என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

ஒப்பம்: சி. சஞ்சீவன்