பதினாறில் ஒன்று மேஸ்திரி

கம்ப்யூட்டருக்கும் உடம்பு சுடும் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும், சார்.

இருபத்திரண்டு வருஷம் ஆம்பூர் டேனரியில் ஈரத்தோல் சுமந்தவன் நான். முதுகு போனதும் தோல் ஆராய்ச்சிக் கூடத்தில் சூப்பர்வைசராகப் போட்டார்கள். அங்கே ஓர் அறையில் பதினாறு கம்ப்யூட்டர்கள். ஆராய்ச்சி செய்யும் பெண் லுப்னா, ஓர் ஆட்டுத்தோலை நுண்ணோக்கியில் லட்சம் படமாக எடுத்து அவற்றிடம் கொடுத்திருந்தாள். அவை பங்கு போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே பெரிய படமாகக் கோக்க வேண்டும். திங்கட்கிழமை அதைக் காட்டினால் அவளுக்குப் பட்டம். இல்லாவிட்டால் நாலு வருஷப் படிப்பு வீண்.

அவை ஓய்வில்லாமல் உழைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தினம் ஒன்றை அணைத்து லீவு விட்டேன். ஒருவன் படுத்தால் அவன் சுமையை மற்றவன் தூக்குவான், அது டேனரியில் வழக்கம். இங்கேயும் அப்படியே நடந்தது. லுப்னாவுக்குத் தெரியவே இல்லை.

மூலையில் இருந்த ஒன்று மட்டும் எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருந்தது. ஏன் என்று லுப்னாவிடம் கேட்டேன்.

"அதுல மட்டும் கை வெக்காதீங்க அங்கிள். மத்ததுக்கெல்லாம் வேலைய பிரிச்சிக் குடுக்கறது அதான்."

"அது இன்னா தூக்குது?"

"ஒண்ணும் தூக்காது. முடிஞ்சதை வாங்கி வெச்சிக்கும்."

"மேஸ்திரின்னு சொல்லு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். நிழலில் நின்று தூக்கு, இறக்கு என்பான். தோல் ஊறும் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சட்டையில் படாது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அதன் பிளக் பிடுங்கப்பட்டது. மேஸ்திரி ஒழிந்தால் மற்ற பதினைந்தும் நிம்மதியாக வேலை பார்க்கும் என்று நினைத்தேன். எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. பத்தொன்பது நாள் கோத்த படம் அந்த ஒன்றிடம்தான் சேமிக்காமல் இருந்ததாம், கரண்ட் போனதும் அழிந்துவிட்டதாம். லுப்னா திரையைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸோடு தரையில் உட்கார்ந்தாள்.

"நீயும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கம்மா," என்றேன்.

உழைக்கிறவனுக்காகத்தான் செய்தேன். அந்த அறைக் கேமராவைப் போட்டுப் பாருங்கள், அதில் என் கை இருக்காது. பிடுங்கியது, பெருக்குகிற சவுரியம்மாள். முழங்கால் வலியோடு குனிந்தவள், "ஏண்ணா, எட்டுற தூரத்துலதான குந்தினுக்கிற, நீயே புடுங்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

ஏ.சி.க்கு நேராக நாற்காலி போட்டிருந்தேன். நான் எழுந்துவிட்டால் அவளுக்கு வேலை சொல்ல யார் இருக்கிறார்கள், சார்?