தானா ஓடாத கதவு

— அந்த வேன் கதவு தானா ஓடாது.

— இன்னும் அதையேவா பேசிக்கிட்டு இருக்கீங்க... வந்து உட்காருங்க. முதல்ல காலைப் பாருங்க.

— காலுக்கு என்ன?

— ஒரு கால்ல ஷூ. இன்னொரு கால்ல ஓட்டல்ல குடுத்த வெள்ளைச் செருப்பு.

— வேனுக்குப் பின்னாடி உட்கார்ந்து மாத்திக்கிட்டு இருந்தேன். அப்பத்தானே நீ கூப்பிட்ட.

— அந்தக் கோலத்துலயே ஆபரேஷன் ரூம் வாசல் வரைக்கும் ஓடினீங்க. நர்ஸம்மா பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பாவம், சிரிப்பு வந்திருக்கும்.

— சிரிக்கட்டும். உள்ள கொண்டு போயி எவ்வளவு நேரம் ஆச்சு?

— ஒன்றரை மணி நேரம்.

— விரல் எலும்புதானேன்னு சொன்னாங்க. அதுக்கு ஒன்றரை மணி நேரமா? நீ மருந்துக் கடையில பன்னிரண்டு வருஷமா நிக்கிற. நீயே சொல்லு.

— நான் மாத்திரை எடுத்துக் குடுக்கறவ. எலும்பு ஒட்டறவ இல்ல. தண்ணியாவது குடிங்க.

— வேணாம். சின்னவ எங்க?

— ஓட்டல்ல பக்கத்து ரூம் பெரியவங்க ரெண்டு பேரும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அக்காவுக்கு விரல்ல அடின்னு மட்டும் போன்ல சொல்லி வெச்சிருக்கேன். 'அப்ப அக்கா இன்னிக்கு விளையாட மாட்டாளா? என்கூடக் கடலுக்கு வருவாளா?'ன்னு கேட்டா.

— அவளுக்கு அதுதான் கவலை.

— அவளைச் சொல்லி என்ன பண்றது. வந்து அஞ்சு நாள் ஆச்சுங்க. பெரியவ இன்னும் தண்ணியில காலை நனைக்கல. காலையில ஆறு மணிக்கு மைதானம், இருட்டினாத்தான் ரூம். நீச்சல் துணி வாங்கிட்டு வந்தாளே, அது பெட்டியில மடிச்சது மடிச்சபடியே கிடக்கு.

— வந்ததே கோல்ஃபுக்குத்தானே.

— எங்ககிட்ட அப்படிச் சொல்லலையே. குடும்பத்தோட நாலு பேரும் ஒண்ணா ஒரு தீவுக்குப் போறோம்னு சொன்னீங்க. கூடவே அவ ரெண்டு நாள் ஆடுவான்னு சொன்னீங்க.

— அந்தக் கோச் வருஷத்துல ரெண்டு மாசம்தான் இங்க இருக்காரு. இன்னிக்குப் பத்து மணிக்கு அவர் முன்னால ஆட்டம். மொத்தம் ஆறு பிள்ளைங்க. அதுல ஒருத்தரை எடுத்து மூணு வருஷம் தன்கூடவே வெச்சுச் சொல்லிக் குடுப்பாரு. பத்து வருஷமா இந்த ஒரு நாளுக்குத்தான்... பத்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கறப்போ, ஒரு வேன் கதவு.

— விடுங்க.

— எப்படி விடறது? நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக் கதவு கூடத்தான் மாரடிக்கறேன். கை மாட்டினவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கதவு வர்றது தெரிஞ்சா மனுஷன் கையை வெடுக்குன்னு இழுத்துக்குவான். அதுக்கு யோசிக்கவே வேணாம், உடம்பே பண்ணிடும். இவ இழுக்கல. நான் ஓடி வந்து பார்க்கறேன், கத்தக்கூட இல்ல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா.

— வலி அதிகமானா சிலருக்குச் சத்தம் வராது.

— நீ ஃபாரம் எழுதிக்கிட்டு இருந்தப்போ நான் போய் அந்தக் கதவையும் பார்த்துட்டு வந்தேன்.

— எதுக்கு?

— மனசு கேக்கல. வேன் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்குது. கீழ ரோலர் தேஞ்சிருக்கு. ஓடற தடம் பூரா மணல். பாதியில விட்டா அங்கேயே நிக்குது. பலமாப் பிடிச்சு இழுத்தாத்தான் வரும். யாரோ இழுத்திருக்காங்க. டிரைவர்தான். வேற யாரு? கேட்டா, நான் தொடவே இல்ல சார், மைதானத்துக்குள்ள போறதுக்குச் சீட்டு வாங்கப் போயிருந்தேன்னு அழறான். அழுதாச் சரியாப் போச்சா?

— அவரு இன்னும் வாசல்லயா நிக்கறாரு?

— நிக்கறான். ஓட்டல் மேனேஜர் வந்துக்கிட்டு இருக்காராம். ஒரு புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இன்னிக்கே அவனை வேலையை விட்டு எடுத்துடறேன்னு போன்ல சொன்னாரு. போலீஸுக்கும் ஒண்ணு போகுமாம்.

— புகாரெல்லாம் எதுக்கு இப்போ. முதல்ல அவ வெளிய வரட்டும்.

— உனக்குக் கோபமே வரலையா?

— வருது. யார் மேலன்னு தெரியல.

— ...நான் அப்படி என்ன கேட்டுட்டேன் சொல்லு. ஒரு கோல்ஃப் கிளப்புல லிஃப்ட் ரிப்பேருக்குப் போனப்போ லீவு நாளாச்சேன்னு இவளையும் கூட்டிட்டுப் போனேன். எட்டு வயசு. யாரோ ஒரு பெரிய மனுஷன் விளையாட்டுக்கு மட்டையைக் குடுத்தாரு. இவ அடிச்ச அடியில பந்து அங்க இருந்த குளத்தைத் தாண்டிப் போச்சு. அங்க இருந்தவங்க அத்தனை பேரும் கை தட்டினாங்க. நான் கையில கிரீஸோட நிக்கறேன். இவ திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு...

— அந்தச் சிரிப்பை அதுக்கப்புறம் எப்பப் பார்த்தீங்க?

— என்ன கேள்வி இது?

— சும்மாதான் கேக்கறேன். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால வாந்தி எடுப்பா. நான் மாத்திரை குடுப்பேன். நாலு தடவை உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்.

— பயம் எல்லாருக்கும் இருக்கும். ஆட ஆடப் போயிடும்.

— அதைத்தான் நாலு தடவையும் சொன்னீங்க.

— வேணாம்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. பதினெட்டு வயசாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ என்கிட்ட வந்து, அப்பா எனக்கு இது பிடிக்கலைன்னு சொன்னாளா?

— இல்ல. சொல்லல.

— அப்புறம்?

— ...டாக்டரம்மா கூப்பிடறாங்க பாருங்க. எழுந்திரிங்க.

— நீ போயிட்டு வா. எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல.

— இங்கயே இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்.

— வந்துட்டியா? ஏன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வர்ற? உட்காரு. என்ன சொன்னாங்க?

— முடிஞ்சதாம். மயக்கம் தெளிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம்.

— அதைக் கேக்கல. கை?

— விரல் மட்டும் இல்லையாம். புறங்கையில மூணு எலும்பு நொறுங்கியிருக்கு. தகடு வெச்சிருக்காங்க. நரம்பு ஒண்ணு அறுந்து போச்சு... சேர்த்திருக்காங்களாம். சேர்ந்தாலும் ரெண்டு விரல் முழுசா மடங்காதுன்னாங்க.

— மடங்காதுன்னா?

— இறுக்கிப் பிடிக்க முடியாது. தலை பின்னறது, துணி பிழியறது, அதுகூடக் கஷ்டம்தானாம். அடி இடது கையில, வலது கையால எழுதறதுனால படிப்புக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆறுதல் சொன்னாங்க.

— மட்டை பிடிக்க...

— நான் கேக்கல. அவங்களே தலையை ஆட்டிட்டாங்க. நம்ம பையில இருந்த கோல்ஃப் தொப்பியைப் பார்த்திருப்பாங்க போல. ஒரு விரல்ல விரிசல் விடும், ஆறு வாரத்துல கட்டைப் பிரிச்சுடுவாங்கன்னு நினைச்சேன்.

— எப்போ நினைச்ச?

— ...இங்க வர்ற வழியில.

— அழாத. நீயும் அழுதா நான் எங்க போவேன்.

— நீங்க கோச்சுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?

— பண்ணல.

— அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

— காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு.

— ஏன்?

— முந்தாநாள் சாயங்காலம் நீங்க மூணு பேரும் ரூமுக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாரு. மூணு நாளாப் பார்த்துட்டேன், உங்க பொண்ணை நான் எடுக்கப் போறதில்லைன்னுட்டாரு.

— என்னது?

— தோள் நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு, ஆனா அடிச்சதும் பந்து எங்க விழுதுன்னு அவ பார்க்கறதே இல்ல, உங்க முகத்தைத்தான் பார்க்கறான்னாரு. அப்படிப் பார்க்கற பிள்ளை இதுக்கு மேல வராதாம். ஆட்டத்தை ஏறக்கட்டிட்டு மிச்ச நாளைக்குக் கடல்ல குளிக்க விடுங்கன்னாரு. தன்மையாத்தான் சொன்னாரு.

— முந்தாநாளே சொல்லிட்டாரா?

— கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். சரி, வந்ததுக்கு மத்த அஞ்சு பேர்கூடச் சும்மா ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போகட்டும், ஆனா என் முடிவு மாறாதுன்னாரு.

— அப்ப நேத்து வெயில்ல நின்னு முன்னூறு பந்து அடிக்க வெச்சீங்களே?

— இன்னும் கொஞ்சம் அடிச்சா... இன்னிக்கு நேர்ல பார்த்தா மனசு மாறிடுவாருன்னு ஒரு நப்பாசை.

— உள்ளங்கை பூரா கொப்புளம். அதை உடைச்சு மருந்து போட்டது நான். அப்பக்கூட நீங்க சொல்லல.

— எப்படிச் சொல்லச் சொல்ற? அவ முகம் வாடிப் போறதை என்னால பார்க்க முடியாது.

— அவ முகமா...

— ஏன் அப்படிப் பார்க்கற?

— முந்தாநாள் சாயங்காலம் அந்த ஒரு வார்த்தையை எங்ககிட்டச் சொல்லியிருந்தா, இன்னிக்கு நாம வேன்லயே ஏறியிருக்க மாட்டோம்.

— தெரியும். கதவு வரும்னு நான் கனவா கண்டேன்? இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அவளுக்குத் தெரியவே வேணாம். கையில மட்டும் அடிபடலைன்னா அவர் எடுத்திருப்பாருன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். அந்த நினைப்பாவது மிஞ்சட்டும். அதோ, மேனேஜர் வந்துட்டாரு. கையில பேப்பர் வெச்சிருக்காரு. இரு, போட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்.

— போடாதீங்க.

— உனக்கு என்ன, அந்த டிரைவர் மேல அவ்வளவு கரிசனம்?

— அவரு வேன் பக்கத்துலயே இல்லைங்க. சீட்டு வாங்கத்தான் போயிருந்தாரு. நான் பார்த்தேன்.

— அப்ப கதவை யாரு இழுத்தா?

— உட்காருங்க. கையை விடுங்க, வலிக்குது... இன்னிக்குக் காலையில நீங்க மட்டையெல்லாம் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க. அவ என்னைக் குளியல் ரூமுக்குள்ள கூப்பிட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசினா. அம்மா, இன்னிக்கு அவர் என்னை எடுத்துட்டா இன்னும் மூணு வருஷம், என்னால முடியாதுன்னா. அப்பாகிட்ட நேராப் போய்ச் சொல்லுடி, நான் கூட நிக்கறேன்னேன். சொன்னா அப்பா திட்ட மாட்டாரும்மா, திட்டினாப் பரவாயில்ல, அப்படியே இடிஞ்சு போய் உட்கார்ந்துடுவாரு, அதை நான் பார்க்க மாட்டேன்னா. கையில அடிபட்டா மட்டும்தான் அப்பா என்னை மடியில போட்டுக்கிட்டு அழுவாரு, என்மேல வருத்தம் இருக்காதுன்னா.

— அவளே மூடிக்கிட்டாளா?

— தனியாப் பண்ணிக்க அவளால முடியல. நேத்து ஒரு தடவை முயற்சி பண்ணியிருக்கா. கை தானா இழுத்துக்கிச்சாம். நீங்க சொன்னீங்களே, உடம்பே பண்ணிடும்னு. அதனாலதான் என்னைக் கேட்டா.

— என்ன கேட்டா?

— முடியவே முடியாதுன்னேன். பளார்னு ஒரு அறைகூட விட்டேன். அவ அழவே இல்ல. சரிம்மா, அப்ப நான் வேற ஏதாவது பார்த்துக்கறேன்னு சொல்லிட்டு, கதவு வழியா அந்த அஞ்சாவது மாடி பால்கனியைப் பார்த்தா. அந்தப் பார்வையை நீங்க பார்க்கலைங்க. நான் பார்த்தேன்.

— நீ... வேன்ல அவ பக்கத்துல யாரு...

— நீங்க பின்னாடி ஷூ மாத்திக்கிட்டு இருந்தீங்க. அவ இறங்கி நின்னு, கதவு விளிம்புல இடது கையை வெச்சுக்கிட்டு, இழுத்துக்காம இருக்க வலது கையால மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணை மூடிக்கிட்டா. மெதுவா வேணாம்மா, ஒரே தடவையில மூடிடுன்னு சொன்னா... நான் ரெண்டு கையாலயும் இழுத்து மூடினேங்க.